மார்லின் டீட்ரிச் போட்ட வால் கோட்டைப் பெண்ணுக்குத் தைக்க முடியுமா?

கேள்வி: 1930-இல் வந்த 'மொரோக்கோ' என்ற ஹொலிவுட் படத்தில் நடிகை மார்லின் டீட்ரிச் போட்ட, பின்பக்கம் வால் போல் நீண்டு தொங்கும் கறுப்பு வால் கோட் மாதிரி ஒன்று எனக்கு வேண்டும். மட்டக்களப்பில் கேட்ட தையல்காரர் பெண்பிள்ளைக்குச் சரிவராது என்கிறார். உண்மையா?

பதில்: தாராளமாகச் சரிவரும், தங்கச்சி. 'லேடீஸ் கோட்' என்ற பேச்சை மட்டும் அவரிடம் எடுக்காதீர்கள். எடுத்தால் இடுப்பைப் பிடித்து, கொலரைச் சிறிதாக்கித் தந்துவிடுவார். ஆண் வெட்டே வேண்டும், அளவு மட்டும் உங்களுடையது என்று சொல்லுங்கள். மார்புக்கான டார்ட்டை, அதாவது வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் கூர்மடிப்பை, கொலர் மடிப்புக்கு அடியில் ஒளித்து வைக்கலாம். தோள் பஞ்சு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

அதிகம் பிழைப்பது இடுப்பில்தான். வால் கோட்டை முன்னால் பூட்டுவதில்லை, திறந்தே நிற்கும். உள்ளே போடும் வெள்ளை வேஸ்ட்கோட் அதன் முன்நுனிக்குக் கீழே எட்டிப் பார்க்கவே கூடாது. இப்போதைய களிசான் (நீளக் காற்சட்டை) தொப்புளுக்குக் கீழே நிற்பதால் வேஸ்ட்கோட்டை நீட்டித் தைக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே வெள்ளைப் பட்டை தொங்குகிறது. அதனால் களிசானை முதலில் தையுங்கள். தொப்புளுக்கு மேலே ஒரு அங்குலம் ஏற வேண்டும். பெல்ட் கிடையாது, களிசானைத் தோளிலிருந்து தாங்கும் தோள்பட்டிதான். முன்னால் பக்கத்துக்கு இரண்டு மடிப்பு, வெளித்தையல் நெடுக இரண்டு கறுப்புப் பட்டி. ஒற்றைப் பட்டி டின்னர் கோட்டுக்கு உரியது. அந்தக் களிசானோடு நின்றுதான் கோட்டுக்கு அளவு கொடுக்க வேண்டும். வால் முழங்காலின் பின்மடிப்பில் முடியட்டும்.

நம்மூர் வெக்கைக்குச் சதுர மீற்றருக்கு 250 கிராம் அளவான மெல்லிய கம்பளித் துணி நல்லது. கிடைக்காவிட்டால் பருத்தி டிரில் எடுத்து, வெட்டுமுன் நனைத்துக் காயவையுங்கள். இல்லையென்றால் முதல் கழுவலிலேயே கை ஏறிவிடும். உள்துணி கைக்கும் முதுகின் மேல்பாதிக்கும் போதும். மருதமுனைத் தறிக்குப் பேர்போன இந்தக் கரையிலேயே பொலியெஸ்டரைப் பருத்தி என்று விற்கிறார்கள், கேட்க ஆளில்லை. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகும்.

'மேல்நாட்டுப் பழக்கம் நமக்கு எதற்கு' என்று எழுத வருகிறவர்கள் இருப்பார்கள். நம் வடமோடி, தென்மோடிக் கூத்துக் களரிகளில் காலங்காலமாகப் பெண் வேடம் கட்டி ஆடியது ஆண்கள்தானே? 1935-இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், 1941-இல் எம். எஸ். சுப்புலட்சுமி நாரதராகவும் திரையில் வந்தார்கள். அதையெல்லாம் பக்தியோடு பார்த்தவர்கள் ஒரு பெண் கோட் போட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

'மொரோக்கோ'வில் அந்தக் கோட் வரும் காட்சியை வெறும் 'ஸ்டைல்' என்று சுருக்குவதும் எனக்குப் பொறுக்காது. அந்தக் கோட்டோடு டீட்ரிச் ஒரு பெண்ணிடம் பூ வாங்கி, அவள் உதட்டில் முத்தமிடுகிறார். 1934-இல் ஹொலிவுட் தணிக்கை இறுகிய பிறகு அவ்வளவு வெளிப்படையாகக் காட்ட இடமில்லாமல் போயிற்று. கோட்டைத் தைப்பவருக்கும் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள்.

கறுப்புத் துணியில் கத்தரி வைக்குமுன் மலிவான வெள்ளைத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள். கூலி கொஞ்சம் கூடும். ஆனால் முன்நுனி எங்கே நிற்கிறது என்று அதில்தான் தெரியும்.