குண்டு வெடித்தால் உருக்குத் தூண் முறியுமா, வளையுமா?

1942 ஏப்ரல் 9இல் திருகோணமலையில் ஜப்பானியர் குண்டு வீசியதைச் சொல்லித்தான் தம்பி இதைக் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் வளையும். வெடி அலை சில மில்லிசெக்கன்களில் தூணைக் கடந்துவிடும். தூண் நன்றாக அசையுமுன்பே அழுத்தம் ஓய்ந்திருக்கும். அதனால் உச்ச அழுத்தத்தைவிட மொத்த உதைப்புத்தான், அதாவது அழுத்தமும் அது தள்ளிய நேரமும் சேர்ந்த கணக்குத்தான், முக்கியம். அத்தனை வேகத்தில் உருக்கின் வலிமையும் கொஞ்சம் கூடும், அது நல்லது.

எனக்குப் பயம் அதற்கப்புறம்தான். வில்லாக வளைந்த தூண் கூரைப் பாரத்தையும் சுமக்கிறது. அந்தப் பாரமே வளைவைக் கூட்டித் தூணை மடக்கிவிடும். ஐ வடிவத் தூணின் விளிம்புத் தகடு நெளிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தூணை அத்திவாரத்தோடு பிணைக்கும் அடித்தகட்டின் வெல்டிங்கையும் போல்ட்டையும் பார்க்காமல் விடாதீர்கள். மிக அருகில் வெடித்தால், வளையுமுன்பே அங்கே அறுந்துவிடலாம். பக்கத்தில் சுவர் எழுப்பி அடைத்த தூணுக்கு அடி அதிகம்: சுவர் வாங்கும் உதைப்பும் அதற்கே வரும்.