பழைய ஜன்னல் கண்ணாடி கீழே வழிந்துவிட்டதா?

கேள்வி: காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் பூர்வீக வீடு 1920-களில் கட்டப்பட்டது. மாடி ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெருவிலுள்ள மின்கம்பம் நெளிந்து தெரிகிறது. சட்டங்களைப் பழுதுபார்க்க வந்த தச்சர் இரண்டு கண்ணாடிகளைக் கழற்றினார். அவற்றின் கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிடத் தடிமனாக இருந்தது. "கண்ணாடி உண்மையில் திரவம், நூறு வருஷத்தில் கீழே இறங்கிவிட்டது, மேல்பக்கம் மெலிந்து உடைவதற்குள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்" என்கிறார் அவர். கண்ணாடி மெதுவாக ஓடும் திரவம் என்று தன் ஆசிரியரும் சொன்னதாக என் மகள் சொல்கிறாள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அந்தக் காரணத்துக்காக ஒரு கண்ணாடியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. தச்சர் கண்டது உண்மை. அவர் சொன்ன காரணம்தான் தவறு. அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை, ஏனெனில் இந்தக் கதை பல தலைமுறைகளாகப் பாடநூல்களிலும் வகுப்பறைகளிலும் உலவி வந்திருக்கிறது. என்னிடம் படித்த மாணவர்களில் பலர் இதை நம்பிக்கொண்டுதான் வந்தார்கள்.

புதிய கண்ணாடிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சிறிய சோதனையைச் செய்து பாருங்கள். பட்டறைகளில் வைத்திருக்கும் திருகு அளவியை இரவல் வாங்கி, கழற்றிய கண்ணாடிகளின் நான்கு விளிம்புகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சட்டங்களைப் பழுதுபார்க்க எப்படியும் மற்ற கண்ணாடிகளையும் கழற்ற வேண்டியிருந்தால், அவற்றையும், எது மேல்பக்கம் என்று குறித்துக்கொண்டு, அப்படியே அளந்துவிடுங்கள். புவியீர்ப்பால் கண்ணாடி இறங்கியிருந்தால் விதிவிலக்கின்றி எல்லாவற்றிலும் கீழ்விளிம்புதான் தடித்திருக்க வேண்டும். எட்டுப் பத்து கண்ணாடிகளை அளந்தால் சிலவற்றில் மேல்விளிம்போ பக்கவாட்டு விளிம்போ தடித்திருப்பதையே பெரும்பாலும் காண்பீர்கள். அடுத்து, காலை வெயில் சாய்வாக விழும்போது கண்ணாடிக்குள் உள்ள சிறு காற்றுக் குமிழ்களைக் கவனியுங்கள். பழைய கண்ணாடியில் அவை உருண்டையாக இல்லாமல், அரிசிமணிபோல ஒரு திசையில் நீண்டிருக்கும். ஒரு கண்ணாடியில் குமிழ்கள் மேலிருந்து கீழாகவும், பக்கத்துக் கண்ணாடியில் இடமிருந்து வலமாகவும் நீண்டிருந்தால், அந்த நீட்சி ஜன்னலில் வந்தது அல்ல, உலையருகே கண்ணாடி உருகிய நிலையில் இழுபட்டபோதே வந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. பெரிய தகட்டிலிருந்து துண்டுகளை வெட்டியவர் ஒன்றை நெடுக்காகவும் மற்றொன்றைக் குறுக்காகவும் வெட்டியிருக்கிறார், அவ்வளவே.

உங்கள் வீடு கட்டப்பட்ட காலத்தில் செட்டிநாட்டு வீடுகளுக்கு பெல்ஜியம் முதலான நாடுகளிலிருந்து கண்ணாடி கப்பலில் வந்தது. அந்நாளைய ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் இரண்டு வகைகளில் உருவானது. உருகிய கண்ணாடியை நீண்ட உருளையாக ஊதி, நெடுக்காகப் பிளந்து, மீண்டும் சூடாக்கித் தட்டையாக விரிப்பது ஒரு வகை. பெல்ஜியத்தின் எமில் ஃபூர்கோ வகுத்து, 1914-ஐ ஒட்டி ஆலைக்கு வந்த முறை மற்றொன்று. இதில் உலையிலுள்ள குழம்பிலிருந்தே ஒரு குறுகிய பிளவின் வழியாகக் கண்ணாடியை மேல்நோக்கித் தகடாக இழுப்பார்கள். இரண்டிலுமே தடிமன் சீராக அமையாது. மின்கம்பம் நெளிந்து தெரிவதும் இதனால்தான். பிரிட்டனில் அலஸ்டர் பில்கிங்டன் 1959-இல் அறிவித்த முறையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பைப் பரவவிட்டபோதுதான், மெருகேற்றாமலே இருபுறமும் சமதளமான தகடு கிடைத்தது. இன்றைய கண்ணாடியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் பழையது 'வழிந்ததாக'த் தோன்றுகிறது.

இந்தக் கதை பிறந்த இடமாகச் சொல்லப்படுவது ஐரோப்பாவின் பழைய தேவாலய ஜன்னல்கள். அங்கே ஊதிய குமிழை இரும்புக் கோலில் ஒட்டி, உலைவாயில் காட்டி வேகமாகச் சுழற்றி வட்டத் தட்டாக விரிக்கும் முறையும் இருந்தது. அந்தத் தட்டு நம் ஆப்பத்தைப் போல நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். அதிலிருந்து வெட்டிய எந்தச் சதுரத்துக்கும் ஒரு விளிம்பு தடித்தே இருக்கும். பொருத்துபவர், கனமான விளிம்பு கீழே இருந்தால் நன்றாக நிற்கும் என்று பெரும்பாலும் அப்படியே வைத்தார், எப்போதாவது மாற்றியும் வைத்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஜன்னல்களில் சில உண்மையாகவே தொய்ந்து வளைந்திருக்கின்றன. ஆனால் அங்கே மெல்ல இளகியது பெரும்பாலும் கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டை. ஈயம் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகப் பொருள், திண்மம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் அதன் உருகுநிலை 327 டிகிரி செல்சியஸ் மட்டுமே என்பதால், அறை வெப்பநிலையிலேயே தன் எடையைத் தாங்கமாட்டாமல் ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது.

அப்படியானால் கண்ணாடி என்னதான்? இதற்கு நம் சமையலறையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சர்க்கரைக் கரைசலை நாள்கணக்கில் அசையாமல் விட்டால் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கப்பட்டுக் கற்கண்டு ஆகும், அது படிகம். அதே சர்க்கரையைப் பதம் வரும்வரை காய்ச்சிச் சட்டென்று ஆறவிட்டால், ஒழுங்காக அமைய நேரமில்லாமல், பாகில் எப்படிக் கலைந்து கிடந்தனவோ அப்படியே மூலக்கூறுகள் உறைந்துபோகும். கடலை மிட்டாயில் கடலைகளைப் பிடித்து நிற்கும், கடித்தால் 'படக்'கென்று உடையும் அந்தப் பாகு இந்த வகையைச் சேர்ந்தது. ஜன்னல் கண்ணாடியும் மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றையும் ஏறத்தாழ 1,500 டிகிரியில் உருக்கிக் காய்ச்சிய ஒரு பாகுதான். அணுக்களின் அமைப்பைப் பார்த்தால் திரவத்தைப் போன்ற ஒழுங்கின்மை, கையில் எடுத்தால் திண்மத்தின் விறைப்பு என இரண்டும் அதில் சேர்ந்திருப்பதால் அதைப் படிக உருவற்ற திண்மம் என்கிறோம்.

குழப்பத்துக்கு வித்திட்டது பெரும்பாலும் ஒரு சொற்றொடர். கண்ணாடி நிலையை ஆராய்ந்த ஜெர்மானிய வேதியியலாளர் குஸ்டாவ் டம்மான், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் படிகமாகாமல் விறைத்துப்போன திரவம் என்ற பொருளில் கண்ணாடியை விளக்கினார். அதில் 'விறைத்துப்போன' என்பது உதிர்ந்து, 'திரவம்' மட்டும் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது.

கடலை மிட்டாய் மழைக்காலத்தில் பிசுபிசுத்து இளகுகிறதே, ஜன்னல் கண்ணாடியும் அப்படி இளகாதா என்று நீங்கள் கேட்கலாம். வேறுபாடு, பாகு விறைக்கும் வெப்பநிலையில் இருக்கிறது. சர்க்கரைப் பாகுக்கு அது நம் அறை வெப்பநிலைக்கு அருகிலேயே இருக்கிறது, ஈரம் ஏறினால் இன்னும் இறங்கும். ஜன்னல் கண்ணாடிக்கோ அது ஏறத்தாழ 550 டிகிரி. காரைக்குடியின் கத்திரி வெயில் எவ்வளவு கடுமையானாலும் அதற்குக் கால்தூசு பெறாது.

எண்களாகச் சொன்னால், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் தாமஸ் பார்னெல் தொடங்கிய சோதனையில், சுத்தியலால் அடித்தால் சிதறக்கூடிய, தார் இனத்தைச் சேர்ந்த பிட்ச் என்ற பொருள் ஒரு புனலிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பாகுநிலை, அதாவது ஓட மறுக்கும் தன்மை, நீரைவிடச் சுமார் 23,000 கோடி மடங்கு. புனலின் அடியைத் திறந்துவிட்ட 1930 முதல் 2014 வரை 9 சொட்டுகளே விழுந்தன. அதுதான் உண்மையில் மெதுவாக ஓடும் திரவம். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் இடைக்காலக் கண்ணாடியின் கலவையைக் கொண்டு செய்து, 2017-இல் வெளியான ஆய்வின்படி, அறை வெப்பநிலையில் அந்தக் கண்ணாடியின் பாகுநிலை இந்த பிட்சைவிட, 1-க்குப் பின் 16 சுழியங்கள் இட்டால் வரும் மடங்கையும் தாண்டுகிறது. 100 கோடி ஆண்டுகள் நின்றாலும் அது அதிகபட்சம் ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இறங்கும் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இத்தனைக்கும் இது முந்தைய கணக்குகளைவிடக் கண்ணாடியைப் பல மடங்கு 'இளக்கமாக'க் காட்டிய ஆய்வு. உங்கள் வீட்டுக் கண்ணாடியின் கலவை சற்று வேறானாலும், நூறு ஆண்டுகளில் திருகு அளவிக்கு எட்டும் அளவு அது இறங்கியிருக்க வழியே இல்லை.

அதற்காகக் கண்ணாடி துளியும் மாறாது என்று சொன்னால் அதுவும் தவறாகும். இயற்பியலாளர் ஜூல் தன் வெப்பமானி ஒன்றைப் பனிக்கட்டியில் வைத்து 1844 முதல் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சோதித்துவந்தார். அதன் சுழிப்புள்ளி, அதாவது பனிக்கட்டியில் பாதரசம் நிற்கும் இடம், ஆண்டுக்காண்டு மெல்ல உயர்ந்துகொண்டே போனது. பாதரசக் குமிழின் கண்ணாடி நுண்ணிய அளவில் சுருங்கிக்கொண்டிருந்ததே காரணம். சோடாவும் பொட்டாஷும் ஒருசேரக் கலந்த கண்ணாடியில் இந்தக் குறை மிகுவது கண்டறியப்பட, ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் 1880-களில் அதற்கென்றே வேறு கண்ணாடி செய்தார். அவசரமாக விறைத்த அணுக்கள் தத்தம் இடத்தில் சற்றே நெருங்கி அமரும் மாற்றம் இது. புவியீர்ப்பின் திசைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதை ஓட்டம் என்று சொல்வது பொருந்தாது.

இனி நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். பழைய ஜன்னல் கண்ணாடி விரிசல் விடுவது பெரும்பாலும் சட்டத்தால்: மழையில் மரம் உப்பி நெருக்கும், ஆணி துருப்பிடித்துப் பருத்து விளிம்பை அழுத்தும், கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்து நிற்கும் பட்டிப் பூச்சு கல்லாய் இறுகிக் கண்ணாடிக்கு அசைய இடம் தராது. ஆகவே செலவைச் சட்டத்துக்கும் புதிய பட்டிக்கும் செய்யுங்கள். துருப்பிடித்த ஆணிகளை எடுத்துவிட்டு, சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி பொருத்தச் சொல்லுங்கள். விளிம்பில் விரிசலோ சில்லு பெயர்ந்த இடமோ உள்ள கண்ணாடியை மட்டும் மாற்றுங்கள். குழந்தைகள் கை வைக்கும் உயரத்தில் இருப்பவற்றை மாற்றுவதானால் அதற்கு வயதை அல்ல, பாதுகாப்பைக் காரணமாகக் கொள்ளுங்கள். பழைய கண்ணாடி உடைந்தால் கத்திபோன்ற துண்டுகளாக விழும்.

வெண்படலமோ வானவில் நிறமோ தெரிந்தால் அது ஈரம் கண்ணாடியின் சோடாவை மெல்ல வெளியே இழுத்ததன் அடையாளம். மென்மையான சோப்பும் நீரும் போதும். அமிலமும் தேய்க்கும் தூளும் வேண்டாம். கழற்றியவற்றை ஈரத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல், இடையே உலர்ந்த காகிதம் வைத்துச் செங்குத்தாகச் சாய்த்துவையுங்கள்.

திரும்பப் பொருத்தும்போது தடித்த விளிம்பைக் கீழே வைப்பது நல்லதுதான், எடை நன்றாக அமரும். ஒன்றிரண்டைத் தலைகீழாகப் பொருத்திவிட்டாலும் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. இன்னும் நூறு ஆண்டுகள் கழித்து அதைக் கழற்றுகிற தச்சர்தான், கண்ணாடி மேல்நோக்கி எப்படி ஓடியது என்று குழம்புவார்.