படம் மேலே, விலை எங்கேயோ

கேள்வி: இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ்ஸில் எங்கள் போர்வைக் கடைக்குத் தளம் போட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரில் மூன்று போர்வையும் அதனதன் விலையோடு வரிசையாக நிற்கின்றன. போனில் திறந்தால் படங்கள் எல்லாம் முதலில் வந்துவிட்டு, விலைகள் அடியில் மொத்தமாகக் கிடக்கின்றன. ஏனுங்க இப்படி?
– வாசகர், சென்னிமலை

பதில்: படங்களுக்கு ஒரு காலம்ஸ் பிளாக் (பக்கத்தைப் பக்கவாட்டில் கட்டங்களாகப் பிரிக்கும் பகுதி), விலைகளுக்கு அதன் கீழே இன்னொன்று என்று போட்டிருப்பீர்கள். போனில் முதல் பிளாக்கில் உள்ளதெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி முடிந்த பிறகுதான் அடுத்த பிளாக் வரும், அதனால்தான் போர்வையும் விலையும் பிரிந்துபோகின்றன. ஒரே காலம்ஸ் பிளாக் போதும். அதில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் படம், பெயர், விலை மூன்றையும் மேலிருந்து கீழாக வையுங்கள். இழுத்துப் போடத் தடுமாறினால் லிஸ்ட் வியூவை (பக்கத்தில் உள்ள பிளாக்குகளின் பட்டியல்) திறந்து அங்கே நகர்த்துங்கள், எது எதற்குள் இருக்கிறது என்று பளிச்சென்று தெரியும். அப்புறம், இடைவெளிக்காக என்டர் தட்டிக்கொண்டே போகாதீர்கள். பிளாக் ஸ்பேசிங்கில் ஒருமுறை மாற்றினால் சரி. எழுத்தையும் நிறத்தையும் ஒவ்வொரு பிளாக்காக மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, உங்களுடையது பிளாக் தீம் (தளம் முழுவதையும் பிளாக்குகளாலேயே அமைக்கும் வடிவமைப்பு) என்றால் எடிட்டரில் உள்ள ஸ்டைல்ஸில் மாற்றுங்கள், தளம் முழுக்க மாறிவிடும். சிவப்புப் போர்வைக்குச் சிவப்புப் பின்னணி மட்டும் வேண்டாமுங்க, சரக்கே தெரியாது.