அத்தையின் பெயர் எங்கே, தம்பி?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா அமெரிக்கன் மிஷனில் உபதேசியாராக இருந்தவர். ஐந்து தலைமுறை வம்சாவளியை அச்சடித்து, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குடும்பக் கூடுகையில் எல்லோருக்கும் கொடுக்கப் போகிறோம். அப்பாவின் தங்கை, எங்கள் சின்ன அத்தை, 1974-ல் வீட்டை மீறி வேறு ஆட்கள் பையனைக் கட்டிக்கொண்டவர். மாமாவும் சபைக்கு வருகிறவர்தான் என்றாலும் வீட்டில் யாரும் ஏற்கவில்லை. "அத்தையை மன்னித்தாயிற்று, ஆனால் பெயர் வேண்டாம். இயேசுவின் வம்சாவளியில் மத்தேயுவே சில பெயர்களை விட்டுத்தானே எழுதினார்?" என்கிறார் சபைக் கமிட்டியில் இருக்கும் என் அண்ணன். பெயரைச் சேர்த்தால் கூடுகைக்கு வர மாட்டாராம். அத்தையோடு எங்களுக்குப் பகை ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் பேரனிடம் அதிரசம் கொடுத்து விடுவார். நாங்களும் வாங்கிக்கொண்டு, டப்பாவைக் கழுவிக் கொடுத்து விடுவோம். சமாதானத்துக்காக ஒரு பெயரை விட்டால் தவறா?

— பெயர் வெளியிட வேண்டாம், பசுமலை

பதில்: தம்பி, அந்த டப்பாவில் என்ன போட்டுக் கொடுத்தீர்கள்?

கழுவினோம், கொடுத்தோம் என்று இருக்கிறதே தவிர, உள்ளே என்ன வைத்தோம் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தாலே நம் பக்கத்தில் அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கை சீனியாவது போட்டுக் கொடுப்பார்கள். நேற்று வாடகைக்கு வந்தவர்களுக்கே செய்கிற மரியாதை இது. கிறிஸ்துமஸ் பலகாரம் செய்யாத வீடா உங்களுடையது? அந்த வீட்டு அதிரசம் உங்கள் வீட்டுக்குள் வரலாம், உங்கள் வீட்டு முறுக்கு ஒன்று அங்கே போகக் கூடாது. இதைத்தான் பகை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதிரசம் என்ன, கடையில் அரைக் கிலோ நிறுத்து வாங்கிக் கொடுத்து விடுகிற காரியமா? பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுக்கப் போகும் முன்பே இடித்துச் சலித்து, பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து, அந்தப் பதத்தில் மாவைக் கொட்டிக் கிளறி, ஓரிரு நாள் வைத்திருந்து, அப்புறம்தான் தட்டி எண்ணெயில் போட வேண்டும். பாகு கொஞ்சம் முறுகினால் கல். கொஞ்சம் இளகினால் எண்ணெயில் பிரிந்து போகும். எழுபதைத் தாண்டியிருக்கும் ஒரு பெண் வருஷா வருஷம் இந்தப் பாடு பட்டு, தன்னைச் சேர்க்காத வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார். நீங்கள் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்துகொண்டு 'மன்னித்தாயிற்று' என்கிறீர்கள். யாரை யார் மன்னிப்பது?

சரி, அண்ணன் மத்தேயுவை இழுத்துவிட்டார், அங்கேயே வருகிறேன். நானும் கிறிஸ்துமஸ் அன்று விடிகாலை நாலரை மணி ஆராதனைக்குப் போகிறவள்தான். அங்கே பெரும்பாலும் மத்தேயு முதல் அதிகாரத்தின் 18-ஆம் வசனத்தில்தான் வாசிப்பைத் தொடங்குவார்கள், அதற்கு முன்னால் இருக்கிற வம்ச அட்டவணையைத் தொட மாட்டார்கள். அண்ணன் சொல்வது உண்மை. 'யோராம் உசியாவைப் பெற்றான்' என்கிற இடத்தில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று பேரைக் காணோம். முதலாம் நாளாகமம் 3-ஆம் அதிகாரத்தில் அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சிங்காசனத்தில் உட்கார்ந்த ராஜாக்கள், தம்பி. ராஜாக்களை விட்ட மனுஷன் யாரை எழுதினார் என்று அண்ணன் சொன்னாரா? சாராள், ரெபெக்காள் பெயரைக்கூட எழுதவில்லை. எரிகோவில் வேசியாக இருந்த ராகாபை எழுதினார். மோவாபியர் பத்தாம் தலைமுறை வரை கர்த்தருடைய சபைக்குள் வரக் கூடாது என்று உபாகமம் 23-ல் இருக்க, மோவாபியப் பெண் ரூத்தை எழுதினார். உரியாவைச் சாகவைத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது பண்ணினதை ஒருத்தரும் மறந்துவிடக் கூடாது என்பது போல, 'உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்' என்று செத்துப்போன புருஷன் பெயரைப் போட்டே எழுதினார்.

யூதாவின் மருமகள் தாமாரையும் எழுதினார். அந்தக் கதையை, ஆதியாகமம் 38-ஐ, நீங்களும் அண்ணனும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். அவளைக் கட்டிய இரண்டு மகன்கள் அடுத்தடுத்துச் செத்ததும், அடுத்து அவளைக் கட்ட வேண்டிய மூன்றாவது மகன் சேலா பெரியவனாகட்டும் என்று சொல்லி மருமகளைத் தகப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் யூதா. சேலா பெரியவனானான். கூப்பிட ஆள் வரவில்லை. பிறகு அவள் முக்காடு போட்டு வழியில் உட்கார்ந்ததும், யூதா அடையாளம் தெரியாமல் அவளிடம் போனதும், அவள் கர்ப்பமானதும் உங்களுக்குத் தெரியும். அவளைச் சுட்டெரிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவரும் அதே யூதாதான். அவருடைய முத்திரை மோதிரம், ஆரம், கைக்கோல் மூன்றையும் அவள் அனுப்பிக் காட்டிய பிறகுதான், 'என்னிலும் அவள் நீதியுள்ளவள்' என்று வாயிலிருந்து வந்தது. அவளுக்குச் செய்ய வேண்டியதைத் தான் செய்யவில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார்.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்தீர்களா? உங்கள் அப்பா அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். மதுரைப் பக்கம் மாமன் சீர் இல்லாமல் ஒரு விசேஷம் நடக்குமா? கிறிஸ்தவ வீடாக இருந்தால் மட்டும் விட்டுவிடுவார்களா? பேரன் இருக்கிறான் என்றால் அந்த வீட்டில் ஒரு கல்யாணமாவது நடந்திருக்கிறது. அன்றைக்குத் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யார் நின்றது? அப்பா செய்யாமல் விட்டது மகன்கள் தலையில்தான் விழும், இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. சொத்தைப் பிரிக்கும்போது அப்பாவின் இடத்தில் போய் நின்றிருப்பீர்கள் அல்லவா? இதற்கும் நில்லுங்கள்.

'வேறு ஆட்கள்' என்று மெதுவாக எழுதியிருக்கிறீர்கள். சாதி என்று எழுதக் கை வரவில்லை. கொள்ளுத்தாத்தாவுக்கு உத்தியோகம் கொடுத்த அந்த மிஷன் 1834-ல் மதுரைக்கு வந்தது. மற்ற சாதிக்காரரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மறுத்த உபதேசியார்களையே 1847-ல் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. மிஷன் பெயரை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, அத்தை பெயரை அதே காரணத்துக்காக அடிக்கிறீர்கள்.

அண்ணன் ஜெபத்தில் கிருபை, கிருபை என்று சொல்லாமல் இருக்க மாட்டார். தகுதி பார்த்து வந்தால் அது கூலி என்று பவுல் ரோமருக்கு எழுதியிருக்கிறார். அத்தை தகுதி பார்த்திருந்தால் உங்கள் வீட்டுக்கு ஓர் அதிரசம் வந்திருக்காது.

அண்ணன் வர மாட்டார் என்றால் வராமல் இருக்கட்டும். ஐம்பது வருஷமாக ஒருத்தர் வராததைத் தாங்கிய குடும்பம் ஒரு நாள் இன்னொருத்தர் வராததையும் தாங்கும். அச்சில் அவர் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.

அச்சகத்துக்கு இன்றைக்கே போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு, வெறுங்கையோடு இல்லாமல், அத்தை வீட்டுக்கு நேரில் போங்கள். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும், உங்களுக்குத் தெரிந்த மாதிரித் தெரியவில்லை. வருஷா வருஷம் வாசலில் வந்து நிற்கிற பையனையே 'பேரன்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். மாமா இப்போது இருக்கிறாரா இல்லையா என்றும் கடிதத்தில் இல்லை. இருந்தால், உள்ளே நுழைந்ததும் முதலில் அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு அப்புறம் அத்தையிடம் பேசுங்கள்.