அந்தக் காலத்தில் இல்லையா?

அன்புள்ள தம்பி,

என் மகள் வயிற்றுப் பேத்தி ஒன்பதாம் வகுப்பு. மூன்று மாதமாக எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள். காலையானால் வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தாயிற்று, வயிற்றில் ஒன்றுமில்லையாம். ஆற்றுக்குப் போவோம் என்றால் முதலில் துண்டை எடுக்கிறவள் இப்போது எழுந்திருப்பதில்லை. மனச்சோர்வாக இருக்கும் என்கிறாள் மகள். நடிக்கிறாள் என்பது என் எண்ணம். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஏது? போனைப் பிடுங்கினால் சரியாகுமா? அஷ்டமத்துச் சனி வேறு நடக்கிறது.

ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

அன்புள்ள அண்ணாச்சி,

சனியை விடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் எல்லார் போனும் கூடத்தில் கிடக்கட்டும், உங்களுடையதும். போனைப் பற்றி அவ்வளவுதான்.

'அந்தக் காலத்தில் ஏது' என்றீர்களே, அதுதான் மனசை அறுக்கிறது. கொஞ்ச நாளாகவே முக்கூடலில் இருந்த என் பெரியம்மா மகள் நினைப்பாக இருக்கிறேன். 1978-இல் அவளுக்குப் பதினான்கு வயது. சமைந்ததும் படிப்பை நிறுத்திப் பீடி சுற்ற உட்கார்த்திவிட்டார்கள். தெருவிலேயே வேகமான கை அவளுக்கு. திடீரென்று ஒருநாள் கை ஓடவில்லை. மடியில் சுளகு, ஈரத்துணியில் சுற்றி வைத்து அச்சுக்கு வெட்டிய இலையெல்லாம் காய்ந்து சுருண்டு கிடக்கும், அவள் தூளை விரலால் அளைந்துகொண்டே இருப்பாள். "ஏட்டி, கணக்கு யாரு குடுப்பா?" என்று பெரியம்மா கத்தினால் சுளகோடு தூக்கி எறிவாள். கொழுப்பு என்றார்கள். அப்புறம் கிறுக்கு என்றார்கள், அப்புறம் பேய். கோடங்கி வேப்பிலையால் அடித்த தழும்பு முழங்கையில் ரொம்ப நாள் இருந்தது.

ஒரு வருஷத்துக்குள் தெளிந்துவிட்டாள். கோடங்கிதான் தெளிய வைத்தான் என்று ஊரே நம்பியது. இந்த நோயின் போக்கே அப்படி. பிள்ளைகளுக்கு வரும் மனச்சோர்வு மருந்தே இல்லாவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் தணியும், ஆனால் சிகிச்சைக்கு வருகிற அளவுக்குச் சோர்ந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஐந்து வருஷத்துக்குள் மறுபடி விழுகிறார்கள். அவளும் தலைப்பிள்ளை பெற்றபின் விழுந்தாள். அதற்கும் அந்தப் பேயைத்தான் சொன்னார்கள்.

ஊரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. குழந்தைக்கு மனச்சோர்வு வரவே வராது, அதற்கான மனசு இன்னும் வளரவில்லை என்று டாக்டர்களில் பெரும்பகுதியினரே நம்பிய காலம் அது. 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பெரியவர்களுக்கான அளவுகோலைப் பிள்ளைகளுக்கும் வைத்தது. பிள்ளைகளிடம் சோகத்துக்குப் பதில் எரிச்சலே முதல் அடையாளமாக இருக்கலாம் என்று அடுத்து வந்த பதிப்பில் சேர்த்தார்கள். எரிந்து விழுகிறாள் என்று நீங்கள் எழுதியது அதுதான் அண்ணாச்சி! அதைப் போய் நடிப்பு என்கிறீர்களே.

1965 முதல் 1996 வரை பிறந்த பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2006-இல் பார்த்தார்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்குள் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இது இருந்திருக்கிறது, அந்த முப்பது வருஷத்தில் அந்த அளவு ஏறவே இல்லை. அதாவது நம் காலத்திலும் அவ்வளவு பேருக்கு இருந்தது, யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கூடியிருப்பதும் உண்மைதான், மறுக்கவில்லை. அமெரிக்காவில் வருஷா வருஷம் எடுக்கும் கணக்கில் 2009-இல் நூற்றுக்கு எட்டாக இருந்தது 2019-இல் பதினைந்தைத் தாண்டிவிட்டது. கூடியது என்பதை வைத்து, முன்னால் இல்லவே இல்லை என்று முடிவுகட்டினால் என் அக்காவை எங்கே வைப்பது?

உங்கள் மகள் சொல்வதைக் கேளுங்கள். பெற்றவள் அவள், கூடவே இருந்து பார்க்கிறாள். இரண்டு வாரம் நீடித்தாலே காட்ட வேண்டும், நீங்கள் மூன்று மாதம் விட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமானால் டெலி மானஸ் என்று அரசாங்கத்தின் மனநல உதவி போன் இருக்கிறது, எண் 14416, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள். சாகணும் என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயில் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள்.

வயிற்றுக்குக் காட்டப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், எங்கே போகிறோம் என்று சொல்லியே கூட்டிப் போங்கள். டாக்டர் அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்பார். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். திரும்பி வரும்போது உள்ளே என்ன சொன்னாய் என்று கேட்காதீர்கள்.