58 புள்ளியும் ஒரு புகைப்பந்தும்

வணக்கம் அக்கா,

என் மகள் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு சட்டம் படிக்கிறார். ஏ லெவலில் ஏ, ஏ ஸ்டார் தவிர வேறு எதுவும் எடுக்காத பிள்ளை. ஒப்பந்தச் சட்டத்தில் முதல் எழுத்து வேலைக்கு 58 புள்ளி வந்திருக்கிறது. இவ்வளவுக்கும் வழக்குகளின் பெயரையெல்லாம் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பாடமாக்கியவர். கிழமைக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம்தான் வகுப்பாம். மிச்ச நேரம் என்ன செய்கிறாய் என்று கேட்டால், "அப்பா, உங்களுக்கு விளங்காது" என்கிறார். வருடத்துக்கு ஒன்பதாயிரம் பவுணுக்கு மேல் கட்டணம், எல்லாம் கடன். மூன்று வருடம் முடிந்தால் லோயர் ஆகிவிடுவாரா? என் மைத்துனர், "சட்டம் எங்கட பிள்ளைகளுக்குச் சரிவராது, அக்கவுண்டிங்குக்கு மாற்றிவிடு" என்கிறார். நீங்கள் சொலிசிட்டராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க., ஹரோ

அன்புள்ள க.,

முதலில் அந்த 58. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் 40 எடுத்தால் சித்தி. 50 முதல் 59 வரை இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவு, 60 முதல் 69 வரை மேற்பிரிவு, 70 எடுத்தால் முதல் வகுப்பு. சட்டக் கட்டுரைக்கு 80க்கு மேல் புள்ளி போடுவது அபூர்வம். நூற்றுக்கு 95 எடுத்துப் பழகிய வீட்டுக்கு 62 என்று ஒரு கடதாசி வந்தால் செத்த வீடுமாதிரி ஆகிவிடும். ஆனால் அந்த 62 ஒரு நல்ல புள்ளி. உங்கள் மகள் 60 என்ற மேற்பிரிவுக் கோட்டுக்கு இரண்டு புள்ளி கீழே நிற்கிறார். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டுப் புள்ளி இறுதி வகுப்பில் சேராது, சித்தியடைந்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெரிய சட்ட நிறுவனங்கள் விண்ணப்பத்தில் முதலாம் ஆண்டுப் புள்ளிகளையும் பாடவாரியாகக் கேட்கும். அதனால் அலட்சியமாகவும் இருக்க முடியாது.

அந்த இரண்டு புள்ளி எங்கே போனது? விடைத்தாளைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சுவரில் ஒட்டிய அட்டைகள் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குச் சந்தேகம் அங்கேதான். அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த எங்கள் பிள்ளைகள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தச் சட்டம் படிக்கிற எல்லோரும் முதல் சில கிழமைகளிலேயே கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பனி என்ற வழக்கைப் படிப்பார்கள். 1891இல் லண்டனில் ஒரு கம்பனி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. கார்பாலிக் மருந்து அடைத்த ரப்பர் பந்து ஒன்று, அதன் குழாயால் மூக்குக்குள் புகையை இழுக்க வேண்டும். நாளுக்கு மூன்று தடவை, இரண்டு கிழமை, சொன்னபடி இழுத்த பிறகும் இன்புளுவென்சா வந்தால் 100 பவுண் தருவோம். சொல்லை நம்புங்கள், வங்கியில் 1,000 பவுண் போட்டு வைத்திருக்கிறோம். திருமதி கார்லில் பந்தை வாங்கி, சொன்னபடி இரண்டு மாதமளவு இழுத்தார். காய்ச்சல் வந்தது. காசைக் கேட்டார். கம்பனி மறுத்தது. (அவருடைய கணவர் ஒரு சொலிசிட்டர் என்பதைக் கம்பனி விசாரித்து வைத்திருக்கலாம்.) வழக்கில் திருமதி கார்லில் வென்றார்.

"கார்லில்: ஒருதலை ஒப்பந்தம், விளம்பரமும் முன்மொழிவு ஆகலாம்." உங்கள் மகளின் அட்டையில் அநேகமாக இந்த ஒரு வரி இருக்கும். (ஒருதலை ஒப்பந்தம் என்றால், ஒருவர் வாக்குக் கொடுக்க, மற்றவர் சொன்னதைச் செய்து காட்டுவதே ஏற்பு ஆகிவிடும் ஒப்பந்தம்.) வரி சரி. ஆனால் பரீட்சையில் அந்தப் பந்து வராது. இப்படி ஒன்று வரும்: இன்ஸ்டாகிராமில் கூந்தல் எண்ணெய் விற்கும் ஒரு பெண், "30 நாள் தேய்த்தும் முடி கொட்டினால் 500 பவுண்" என்று போடுகிறார். வங்கியில் காசு போட்டதாக ஒரு சொல் இல்லை. ஒருவர் வாங்கித் தேய்க்கத் தொடங்குகிறார். 20ஆம் நாள் அந்தப் பதிவு நீக்கப்படுகிறது. இவர் 26ஆம் நாளோடு தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் காசு கேட்கிறார். ஆலோசனை கூறுக.

அட்டைப் பிள்ளை முன்மொழிவு என்றால் என்ன, ஏற்பு என்றால் என்ன என்று இரண்டு பக்கம் எழுதி, கார்லில் வழக்கைச் சுருக்கி, ஆகவே 500 பவுண் கிடைக்கும் என்று முடிக்கும். அதற்குத்தான் 50 சொச்சம். தீர்ப்பை முழுதாகப் படித்த பிள்ளைக்கு, அந்த 1,000 பவுண் வைப்பைக் கம்பனி விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதற்குச் சான்றாக நீதிபதிகள் எடுத்தார்கள் என்று தெரியும். அது இங்கே இல்லை. அப்படியானால் எண்ணெய்க்காரியின் பேச்சு வெறும் விளம்பரப் பெருமையா? 30 நாள் நிபந்தனை, 26 நாள் போதுமா? தொடங்கிய பிறகு முன்மொழிவைத் திரும்பப் பெறலாமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எரிங்டன் வழக்கு இருக்கிறது, 1952. ஒரு தகப்பன் கடனில் வீடு வாங்கி, தவணையை முழுதாகக் கட்டி முடித்தால் வீடு உங்களுக்கு என்று மகனுக்கும் மருமகளுக்கும் சொல்லிவிட்டு இறந்துபோகிறார். அவர்கள் கட்டத் தொடங்கிய பின், கட்டிக்கொண்டிருக்கும் வரை, அந்த வாக்கைப் பின்வாங்க முடியாது என்றார் டெனிங் பிரபு. எங்கள் வீடுகளில் இப்படி எத்தனை கதை! அப்புறம், அந்தத் தீர்ப்பு 26 நாளோடு நிறுத்தியவருக்கு உதவுமா? இதை எழுதினால் 65.

முடிவில் காசு கிடைக்கும் என்று எழுதினாலும் கிடைக்காது என்று எழுதினாலும் ஒரே புள்ளி வரலாம். ரியூசனிலும் பழைய வினாத்தாள்களிலும் மாதிரி விடைகளிலும் வளர்ந்த பிள்ளைக்கு இதை நம்புவது கஷ்டம். எங்கே என்ன எழுதினால் எத்தனை புள்ளி என்று ஏ லெவலில் ஒரு பட்டியல் உண்டு. இங்கே அது இல்லை. பல இடங்களில் சட்டப் புத்தகத்தைப் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே கொண்டுபோக விடுகிறார்கள். பாடமாக்கியதற்கு அவ்வளவுதான் மதிப்பு.

பெரும்பான்மைக்கு எதிராக எழுதித் தோற்ற நீதிபதியையும் படிக்கச் சொல்லுங்கள். இஞ்சிபியர்ப் போத்தலுக்குள் நத்தை கிடந்தது என்று குடித்தவர் தயாரிப்பாளர்மேல் தொடுத்த டொனகியூ வழக்கு (1932) ஐந்து நீதிபதிப் பிரபுக்களில் மூன்றுக்கு இரண்டு என்று முடிந்தது. ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லியில் நடந்த சம்பவம், இங்கிலாந்தில் கவனக்குறைவுச் சட்டத்துக்கே அதுதான் அடித்தளம். எங்கள் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்கள் எங்கள் அயலவர், அவர்கள்மேல் கவனம் வேண்டும் என்ற அட்கின் பிரபுவின் 'அயலவர்' பகுதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எதிர்த்து எழுதிய பக்மாஸ்டர் பிரபுவை யாரும் புரட்டுவதில்லை. இதற்கு இடம்கொடுத்தால் எங்கே நிறுத்துவது, ஒரு படி ஏறினால் ஏன் ஐம்பது படி ஏறக்கூடாது என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு வந்த வழக்குகளில் பாதி அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவைதான். போத்தலுக்குள் உண்மையிலேயே நத்தை இருந்ததா என்பது, வேடிக்கை என்னவென்றால், கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை.

கிழமைக்குப் பத்து மணித்தியாலம்தான் வகுப்பு என்பதும் இதனால்தான். ஒரு செமினாருக்கு நாலைந்து தீர்ப்பு என்று வைத்தாலும், ஒன்றே அறுபது பக்கம் ஓடும். பத்து வழக்கின் சுருக்கத்தைப் படிப்பதைவிட இரண்டை முழுதாகப் படிப்பது மேல். பிறகு அந்த 58 போட்ட தாளை எடுத்துக்கொண்டு விரிவுரையாளர் மாணவரைச் சந்திக்கும் நேரத்தில் போய், "60க்கு என்ன குறைந்தது?" என்று நேரே கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் இதற்கு வெட்கப்படுகிறார்கள். மற்றவர்கள் வெட்கப்படுவதில்லை.

உங்களுக்கு விளங்காது என்றாரா? யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டை பார்த்து வளர்ந்தவருக்கு வழக்கு விளங்காதா! பங்குக் காணியை வெளியாளுக்கு விற்க முன் பங்காளியிடம் கேட்க வேண்டும் என்ற தேசவழமைச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். லீவில் வரும்போது ஒரு வழக்கைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். யார் வென்றது என்பதோடு விடாதீர்கள், தோற்றவன் பக்கம் என்ன நியாயம் என்று கேளுங்கள். அங்கே தடுமாறினால் வழக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும்.

மூன்று வருடத்தில் லோயரா என்றால், இல்லை. சொலிசிட்டர் ஆவதற்கு 2021இலிருந்து எஸ்.கியூ.இ. என்ற பரீட்சை. முதல் கட்டத்தில் தலா 180 கேள்வி கொண்ட இரண்டு தாள், அடுத்து செய்முறைக் கட்டம், அதோடு இரண்டு வருட வேலை அனுபவம். பரீட்சைக்குப் பல ஆயிரம் பவுண் செலவாகும். பெரிய நிறுவனம் எடுத்துக்கொண்டால் வழக்கமாக அதுவே கட்டும், ஆனால் அவை இரண்டு வருடம் முன்கூட்டியே ஆள் பிடிக்கின்றன. ஆகவே இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலேயே விடுமுறைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர் ஆகும் வழி இதைவிட ஒடுக்கம். லண்டனில் 'இன்' எனப்படும் நாலு பாரிஸ்டர் சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து, பார் படிப்பு முடித்து, பிறகு பியூப்பிலேஜ் என்ற பயிற்சி இடம் கிடைக்க வேண்டும். படித்து முடிப்பவர்களின் எண்ணிக்கைக்கு அந்த இடங்கள் காணாது. பட்டம் முடித்துவிட்டு வேறு துறைக்குப் போகிறவர்களும் ஏராளம், அதில் கேவலம் ஒன்றுமில்லை.

மைத்துனரின் யோசனையை இப்போதைக்கு விடுங்கள். இந்த நாட்டில் எங்கள் பிள்ளைகள் சொலிசிட்டராகவும் பாரிஸ்டராகவும் இருப்பதை அவர் பார்க்கவில்லைப்போல. துறை மாறுவதா என்பதை மகள் தானே முடிவுசெய்யட்டும், அதுவும் முதலாம் ஆண்டுப் பரீட்சைப் பெறுபேறு வந்த பிறகு. அதுவரை, சுவரில் இருக்கிற அட்டைகளைக் கழற்றிவிட்டுக் கார்லில் தீர்ப்பை முழுதாக ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். நீளமில்லை, ஒரு பின்னேரத்தில் முடியும்.

அன்புடன்.