மதுரைப் பக்கத்து விருந்துகள்: கேட்டவர்களுக்குப் பதில்

மார்கழி வந்தாலே எனக்குக் கேள்விகள் குவியும். இருபது வருஷமாகக் கோயில் விருந்துகளில் காய் நறுக்கி, பந்தி பரிமாறி, சாப்பிட்டும் வருகிறேன் என்பதால் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பல்லாவரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, மதுரையில் ஃபுட் ஃபெஸ்டிவல் எப்போ நடக்கும்? டிக்கெட் எங்கே வாங்குவது?

தம்பி, மைதானத்தில் ஸ்டால் போட்டுக் கூப்பன் விற்கும் விழாக்களுக்குச் செய்தித்தாளைப் பாருங்கள். நான் பேசுவது சாமிக்குப் படைத்துவிட்டு ஊருக்கே இலை போடும் விருந்துகளைப் பற்றி. அவற்றுக்கு டிக்கெட் கிடையாது. நேரத்துக்குப் போய், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

விளாங்குடி வாசகர்: வடக்கம்பட்டி பிரியாணித் திருவிழாவைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள்.

இதற்குச் சந்தோஷமாகச் சொல்வேன். திருமங்கலத்தைத் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம் இருக்கிற ஊர் வடக்கம்பட்டி. அங்கே முனியாண்டி சாமி கோயில். தமிழ்நாடு முழுக்க நீங்கள் பார்க்கிற முனியாண்டி விலாஸ் ஓட்டல்களின் வேர் இந்தக் கோயில்தான். இந்த ஊர்க்காரர் ஒருவர் 1937இல் காரைக்குடியில் முதல் ஓட்டலைத் திறந்தார். அப்புறம் சொந்தபந்தங்கள் ஒவ்வொருவராக வெளியூர் போய்க் கடை போட்டார்கள். இன்றும் அவர்களில் பலர் தினமும் முதல் வாடிக்கையாளர் கொடுக்கும் பணத்தைச் சாமிக்கென்று தனியாக எடுத்து வைக்கிறார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் நடப்பதுதான் இந்த விருந்து.

தையில் நாயுடு சமூகத்தாரும் மாசியில் ரெட்டியார் சமூகத்தாரும் தனித்தனியாக எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் பால்குடம், மாலையில் பூத்தட்டு ஊர்வலம். ராத்திரி நேர்த்திக்கடனாக வந்த கிடாய்களும் சேவல்களும் வெட்டப்பட்டு, விடிய விடிய அண்டா அண்டாவாகப் பிரியாணி வேகும். சனிக்கிழமை கருக்கலில் சாமிக்குப் படைத்தபின் எல்லாருக்கும் கொடுப்பார்கள். சாதி கேட்க மாட்டார்கள், ஊர் கேட்க மாட்டார்கள். சமைப்பவர்கள் ஓட்டல் தொழிலிலேயே ஊறியவர்கள் என்பதால் அத்தனை பெரிய அண்டாவிலும் அரிசி உடையாது. விறகை எப்போது இழுப்பது, தம்முக்கு நெருப்புக் கங்குகளை எப்போது மூடிமேல் கொட்டுவது என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். ராத்திரியே போய் அடுப்புப் பக்கம் நின்று பாருங்கள். சாப்பிடுவதைவிட அதுதான் எனக்குப் பெரிசு.

ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் சுற்றும் தேதியை நம்பிக் கிளம்பாதீர்கள். போன வருஷத்து நோட்டீஸ் படம்தான் இந்த வருஷமும் சுற்றும். திருமங்கலத்தில் ஒரு டீக்கடையில் கேட்டாலே சரியான நாளைச் சொல்வார்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: வடக்கம்பட்டி தேதி சொல்ல முடியுமா?

மேலே பாருங்கள்.

திருநகரிலிருந்து ஒரு தங்கை: கரும்பாறை முத்தையா கோயில் கறிவிருந்துக்கு ஆண்கள் மட்டுமே போகலாமாமே. நாங்கள் எதற்காக ஒதுங்க வேண்டும்?

உண்மைதான் தங்கச்சி. திருமங்கலம் பக்கத்தில் மார்கழியில் நடக்கிறது. கருப்புக் கிடாய்களை நேர்ந்துவிட்டு, வெட்டி, சாதமும் கறிக்குழம்புமாக ஆயிரக்கணக்கான ஆண்களுக்குப் போடுகிறார்கள். சாப்பிட்ட இலையை யாரும் எடுப்பதில்லை. அந்த இலை காய்ந்து சருகாகும் வரை பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை என்பது ஊர் வழக்கம். நான் ஒருமுறை போயிருக்கிறேன். சாப்பாடு அருமை. ஆனால் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ருசியைச் சொன்னபோது, அவள் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு கனத்தது. அடுத்த வருஷத்திலிருந்து போகவில்லை. ஊர்க்காரர்களோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை, அது அவர்கள் சாமி. என்னைக் கேட்டால் வடக்கம்பட்டிக்குக் குடும்பத்தோடு போங்கள்.

ஒரு சைவக்காரர்: எல்லாம் கறியாகவே இருக்கிறதே, எங்களுக்கு எதுவும் இல்லையா?

இருப்பதிலேயே பெரிய விருந்து உங்களுக்குத்தான் ஐயா. சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணத்தன்று வடக்கு வெளி வீதி சேதுபதி பள்ளியில் கல்யாணச் சாப்பாடு. முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு விருந்தும் உண்டு. அரிசியும் பருப்பும் காய்கறியும் ஜனங்கள் கொண்டுவந்து குவிப்பார்கள். ராத்திரி முழுக்க முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்குவார்கள். சாப்பிட்டு எழுந்தவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். நம் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம், மொய் எழுதாமல் எப்படி வருவது? அரிவாள்மணை பிடிக்கத் தெரிந்தால் நீங்களும் முதல் நாளே போய் உட்காருங்கள்.

அழகர்கோயில் தோசையையும் விடாதீர்கள். தோலோடு உளுந்து, பச்சரிசி, மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து நெய்யில் கனமாகச் சுட்ட பிரசாதம். ஓட்டல் தோசையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், அடை மாதிரி மென்று தின்ன வேண்டியது.

பெங்களூருவிலிருந்து ஒருவர்: மதுரையில் ஒயின் டேஸ்டிங் எங்காவது உண்டா?

அது என் பாதையில் இல்லை. திராட்சைதான் ஆசை என்றால் தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போங்கள். அங்கே விளையும் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுப்பு இருக்கும். கொடியிலிருந்து அறுத்த அன்றே தின்று பாருங்கள்.

ஒரு வாசகர்: நல்ல பரோட்டா, கறிதோசை எங்கே?

கடை விமர்சனம் நான் எழுதுவதில்லை. சிம்மக்கல்லில் இறங்கி மூக்கு சொல்லும் பக்கம் நடங்கள்.

கே.கே.நகர் வாசகர்: சித்திரைத் திருவிழாவில் ஜிகர்தண்டா குடித்தோம். பாதாம் பிசின் போட்டதுதான் அசல் என்கிறார் நண்பர். சரியா?

நான் பார்த்து வளர்ந்த ஜிகர்தண்டா கடல்பாசி போட்டது. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம்.

கீழவாசல் வாசகர் குறுக்கிட்டு: தப்பு அண்ணே. பிசின்தான் உடம்புக்குக் குளிர்ச்சி. ‘ஜிகர்’ குளிர வேண்டும் என்றுதானே பேரே வைத்தார்கள்?

பேருக்கு அர்த்தம் நெஞ்சு குளிர்வது என்பது சரி. அதற்காகப் பிசின்தான் அசல் என்று எப்படி ஆகும்? பிசின் மரத்தில் வடிவது. ராத்திரி ஊறப் போட்டால் உப்பிக் கொழகொழவென்று நிற்கும். கடல்பாசி வேறு ஜாதி. காய்ச்சினால் கரையும், ஆறினால் உறையும். ஒருமுறை உறைந்துவிட்டால் எண்பது டிகிரிக்கு மேல் போனால்தான் திரும்ப இளகும். சித்திரை வெயிலில் தள்ளுவண்டியில் வைத்து விற்க இதைவிடத் தோதானது எது?

கீழவாசல் வாசகர் மறுபடியும்: இப்போது பாதிக் கடைகளில் பிசின்தானே போடுகிறார்கள்?

போடுகிறார்கள், ருசியாகவும் இருக்கிறது, நானும் குடிக்கிறேன். ஆனால் கடல்பாசி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இவ்வளவு லேசாகத் தள்ள மாட்டீர்கள். ராமநாதபுரம் கரையில் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் முங்கிப் பாறையிலிருந்து பிய்த்து வருகிற பொருள் அது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று அவர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். பாம்பன் பக்கம் போயிருந்தபோது அந்தக் கைகளைப் பார்த்தேன், அத்தனையும் கீறல். ‘சைனா கிராஸ்’ என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கிறோம். நம் மீனவப் பெண்களின் உழைப்பும் அதே பொருளில்தான் இருக்கிறது. அதனால்தான் விடாமல் பேசுகிறேன்.

சேலத்திலிருந்து ஒருவர்: அண்ணே, அந்தப் பிரியாணி கோயில் தேதி...

வெள்ளிக்கிழமை விழா, சனிக்கிழமை விடியற்காலை பிரியாணி, தையிலும் மாசியிலும். எந்த வெள்ளி என்பதைத் திருமங்கலத்தில் கேளுங்கள். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், வாட்ஸ்அப் வேண்டாம். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

அனுப்பானடியிலிருந்து ஒரு அக்கா: மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு எட்டு வயசுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா? வழியில் கொடுப்பதைக் குடிக்கக் கொடுக்கலாமா?

கூட்டிப் போங்க அக்கா. தல்லாகுளத்தில் சர்க்கரை நிரப்பிய செம்பை வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக்கொண்டு ஜனங்கள் அழகரைப் பார்த்து நிற்பதைப் பிள்ளை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். பானகமும் நீர்மோரும் நல்லவைதான். ஆனால் ஐஸ் கட்டி மிதந்தால் வேண்டாம். மீன் பெட்டிக்குப் போகிற ஐஸே பந்தலுக்கும் வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பானைத் தண்ணீரில் கரைத்ததாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். புளியோதரையைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள், தயிர்சாதத்தை மத்தியானத்துக்கு மேல் வாங்காதீர்கள்.

கீழவாசல் வாசகர்: சரி அண்ணே, வீட்டில் கடல்பாசி காய்ச்சிப் பார்க்கிறேன். அளவு சொல்லுங்கள்.

பத்து கிராம் எடுத்து அரை மணி நேரம் ஊற வையுங்கள். முக்கால் லிட்டர் தண்ணீரில் இழை ஒன்றுகூடத் தெரியாமல் கரையும் வரை கொதிக்க விட்டு, வடிகட்டித் தட்டில் ஊற்றுங்கள். உறைந்ததும் துருவியில் துருவி, ஆறிய பாலில் போடுங்கள். பாலை மட்டும் பாதியாகச் சுண்டும் வரை சிறுதீயில் பக்கத்திலேயே நின்று கிண்டுங்கள்.